கிதாரில் ஆக்மென்டட் கார்டு: பன்னிரண்டைப் படிக்காமல் நான்கைப் படியுங்கள்

மேஜர், மைனர் கார்டுகளை (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகளை) ஓரளவு தடங்கலின்றி வாசிக்கத் தொடங்கியவர்கள் அடுத்ததாக முட்டிக்கொள்வது ஆக்மென்டட் கார்டில்தான். பாட்டுத் தாளில் ஓரிடத்தில் மட்டும் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி இருக்கும். அதைக் கவனிக்காமல் சாதாரண மேஜர் கார்டை வாசித்துவிட்டுப் போனால் பாட்டு நின்றுவிடாது, ஆனால் அந்த இடம் சப்பென்று ஆகிவிடும். நான் படித்த இடத்தில் பன்னிரண்டு படங்கள் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அந்தப் பன்னிரண்டில் எட்டு வெறும் மறுபெயர்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. அந்த வீண் உழைப்பை நீங்கள் தவிர்க்க வேண்டும் என்பதற்காக, பழக வேண்டிய வரிசையையும் வழியில் உள்ள பொறிகளையும் இங்கே எழுதுகிறேன்.

இக்கட்டுரையில் வரும் எண் வரிசைகள் அனைத்தும் தடித்த 6ஆம் தந்தியில் தொடங்கி மெல்லிய 1ஆம் தந்தியில் முடிகின்றன. எண் என்பது ஃபிரெட்டைக் (கழுத்தின் குறுக்கே உள்ள கம்பிகளால் பிரிக்கப்பட்ட இடத்தைக்) குறிக்கும். 0 என்றால் திறந்த தந்தி. × என்றால் அந்தத் தந்தி ஒலிக்கக் கூடாது.

1. தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

இதற்கென்று நீங்கள் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஒரு டியூனர் செயலி, ஒரு மெட்ரோனோம் செயலி, குறிப்பெழுத ஒரு தாள் ஆகியவை போதும். செலவு என்று வந்தால் அது பழைய தந்திகளை மாற்றுவதற்குத்தான் வரும். தேய்ந்துபோன தந்திகளில் திறந்த சுரம் சரியாக இருந்தாலும் ஃபிரெட்டில் அழுத்தும் சுரம் பிசகும், அந்தப் பிசகு மற்ற கார்டுகளைவிட இந்தக் கார்டில் பளிச்சென்று தெரியும்.

சுருதி சேர்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. 3ஆம் தந்தியையும் 2ஆம் தந்தியையும் சேர்த்து மீட்டி, இரண்டும் அதிர்வின்றி இனிமையாகக் குழையும் வரை காதால் சரிசெய்யும் பழக்கம் பலருக்கு உண்டு. இந்த இரண்டு தந்திகளுக்கு இடையே உள்ளது மேஜர் மூன்றாம் இடைவெளி, அதாவது நான்கு ஃபிரெட். காதுக்கு மிக இனிமையான மேஜர் மூன்றாம் இடைவெளி ஏறத்தாழ 386 சென்ட் (ஒரு ஃபிரெட் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்); கிதாரின் ஃபிரெட்டுகளோ அதை 400 சென்ட்டாகப் பிரித்து வைத்திருக்கின்றன. காதுக்கு இனிமையாகச் சேர்த்தால் 2ஆம் தந்தி சுமார் 14 சென்ட் இறங்கிவிடும். ஆக்மென்டட் கார்டு முழுவதும் இத்தகைய மூன்றாம் இடைவெளிகளாலேயே ஆனது என்பதால் இந்தப் பிழையை மறைக்க அதில் இடமில்லை. ஆகவே ஆறு தந்திகளையும் டியூனரைப் பார்த்தே சேருங்கள்.

இன்னொன்று, முதல் ஃபிரெட். கழுத்தின் முனையில் தந்திகள் தங்கும் நட் உயரமாக இருந்தால், முதல் ஃபிரெட்டில் அழுத்தும்போது தந்தி கூடுதலாக இழுபட்டுச் சுரம் ஏறிவிடும். 3ஆம் தந்தியை முதல் ஃபிரெட்டில் அழுத்தி டியூனரைப் பாருங்கள். முள் ஜி ஷார்ப்பைத் தாண்டிக் கணிசமாக நின்றால் முதலில் இன்னும் மெதுவாக அழுத்திப் பாருங்கள். அப்போதும் நின்றால் தவறு உங்கள் விரலில் இல்லை. கிதாரைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிட்டுத் தொடருங்கள்.

2. கார்டின் அமைப்பை ஒருமுறை காதால் அறியுங்கள்

சி மேஜரில் இருப்பவை சி, இ, ஜி. இவற்றில் ஐந்தாம் சுரமான ஜியை ஒரு ஃபிரெட் உயர்த்தினால் சி, இ, ஜி ஷார்ப் என்றாகும். அதுவே சி ஆக்மென்டட். கர்நாடக இசைப் பழக்கம் உள்ளவர்கள் சியைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால், இது சட்ஜம், அந்தர காந்தாரம், சுத்த தைவதம் என்ற மூன்றின் சேர்க்கை. மாயாமாளவகௌளையில் பஞ்சமத்தைத் தொடாமல் ச, க, த என்று பாடினால் இந்தக் கார்டைத்தான் பிரித்துப் பாடுகிறீர்கள்.

கிதாரை எடுப்பதற்கு முன் அந்த மூன்று சுரங்களையும் பாடிப் பார்ப்பதில் செலவாகும் ஐந்து நிமிடம் பிற்பாடு பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும், ஏனென்றால் இந்தக் கார்டு முதலில் கேட்கும்போது தவறான பிடியைப் போலவே ஒலிக்கும். காது தயாராக இல்லாதவர்கள் சரியான பிடியைப் பிடித்துவிட்டு, தவறு என்று எண்ணி விரலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

3. பன்னிரண்டு பெயர்கள், நான்கு கார்டுகள்

சியிலிருந்து இ நான்கு ஃபிரெட். இயிலிருந்து ஜி ஷார்ப் நான்கு ஃபிரெட். ஜி ஷார்ப்பிலிருந்து மேல் சியும் நான்கு ஃபிரெட். ஒரு சியிலிருந்து மேல் சி வரையுள்ள பன்னிரண்டு ஃபிரெட்டைச் சமமாக மூன்றாகப் பிரித்ததால், மூன்று சுரங்களில் எதை மூல சுரமாகக் கொண்டாலும் அதே மூன்று சுரங்களே திரும்பக் கிடைக்கும். அதாவது சி ஆக்மென்டட், இ ஆக்மென்டட், ஜி ஷார்ப் ஆக்மென்டட் ஆகிய மூன்றும் விரலுக்கும் காதுக்கும் ஒன்றே. எழுதும்போது மட்டுமே பெயர் வேறுபடும். இந்தக் கணக்கின்படி மொத்தம் நான்கு தொகுதிகள் உள்ளன:

சி, இ, ஜி ஷார்ப்
சி ஷார்ப், எஃப், ஏ
டி, எஃப் ஷார்ப், ஏ ஷார்ப்
டி ஷார்ப், ஜி, பி

இந்த நான்கு வரிகளைத் தாளில் உங்கள் கையாலேயே எழுதி, கிதாரைப் பழகும் இடத்தில் ஒட்டிவையுங்கள். ஃபிளாட் பெயர்களையும் அடைப்புக்குள் எழுதிக்கொண்டால் நல்லது: ஜி ஷார்ப்பே ஏ ஃபிளாட், ஏ ஷார்ப்பே பி ஃபிளாட், டி ஷார்ப்பே இ ஃபிளாட்.

4. முதல் பிடி: சி மேஜரிலிருந்து ஒரு விரலைச் சாய்த்தல்

சி மேஜரைப் பிடியுங்கள்: × 3 2 0 1 0. மோதிர விரல் 5ஆம் தந்தியிலும், நடுவிரல் 4ஆம் தந்தியிலும், ஆள்காட்டி விரல் 2ஆம் தந்தியிலும் இருக்கும். இப்போது ஆள்காட்டி விரலின் நுனியை 3ஆம் தந்திக்குக் கொண்டுபோய், அதே விரலின் சதைப்பகுதி 2ஆம் தந்தியையும் அழுத்தும்படி சாய்த்தால் × 3 2 1 1 0 கிடைக்கும். சி ஆக்மென்டட் அவ்வளவுதான்.

சொல்வதற்கு எளிதாக இருந்தாலும் கையில் ஒரு சிக்கல் வரும். சாய்ந்த விரல் 1ஆம் தந்தியையும் தொட்டு அதை ஊமையாக்கிவிடும். விரலின் முதல் கணு சற்றுப் பின்னோக்கி மடங்கி, அடிப்பகுதி தந்திகளைவிட்டு மேலே தூக்கி நின்றால்தான் 1ஆம் தந்தி தப்பிக்கும். ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியாக மீட்டி, எது ஒலிக்கவில்லை என்று பாருங்கள். சிலருக்கு அந்தக் கணு பின்னால் மடங்கவே மடங்காது. அவர்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு முயல வேண்டியதில்லை. 1ஆம் தந்தியை விட்டுவிட்டு 5ஆம் தந்தியிலிருந்து 2ஆம் தந்தி வரை மட்டும் மீட்டினாலும் சி, இ, ஜி ஷார்ப், சி என்று கார்டு முழுமையாகவே இருக்கிறது.

5. நகரும் பிடி: எல்லாவற்றுக்கும் இது ஒன்று

கிதாரில் அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே ஐந்து ஃபிரெட் இடைவெளி உண்டு. 3ஆம் தந்திக்கும் 2ஆம் தந்திக்கும் இடையில் மட்டும் நான்கு. ஆக்மென்டட் கார்டில் சுரத்துக்குச் சுரம் நான்கு ஃபிரெட் என்பதால், ஒரு தந்தியிலிருந்து அடுத்த மெல்லிய தந்திக்குப் போகும்போது ஒரு ஃபிரெட் பின்னால் வர வேண்டும். 3இலிருந்து 2க்குப் போகும்போது மட்டும் அதே ஃபிரெட்டில் நிற்க வேண்டும். இந்த ஒரே விதியைப் புரிந்துகொண்டால் படம் எதையும் பார்க்காமல் கழுத்தின் எந்த இடத்திலும் இந்தக் கார்டை நீங்களே கட்டிக்கொள்ளலாம்.

அன்றாடப் பயன்பாட்டுக்கு மெல்லிய நான்கு தந்திகள் போதும்: × × 3 2 2 1. சுண்டு விரல் 4ஆம் தந்தியில், நடுவிரல் 3ஆம் தந்தியில், மோதிர விரல் 2ஆம் தந்தியில், ஆள்காட்டி விரல் 1ஆம் தந்தியில். இது எஃப், ஏ, சி ஷார்ப் தொகுதி. இந்தப் பிடியை ஒவ்வொரு ஃபிரெட்டாக நகர்த்திக்கொண்டே போங்கள். ஆள்காட்டி விரல் 2இல் இருந்தால் டி தொகுதி, 3இல் ஜி தொகுதி, 4இல் சி தொகுதி. 5க்கு வந்ததும் மறுபடியும் எஃப், ஏ, சி ஷார்ப்பே கிடைக்கும், ஆனால் சுரங்கள் ஒரு படி மேலே அடுக்கப்பட்டிருக்கும். நான்கு ஃபிரெட் ஏறினால் அதே கார்டு என்பதை இங்கே காதாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

திறந்த தந்தியோடு வரும் பிடிகளும் இதன் கிளைகளே. ஏ ஆக்மென்டட் (× 0 3 2 2 1) என்பது மேற்சொன்ன பிடியோடு திறந்த 5ஆம் தந்தியைச் சேர்த்தது. டி ஆக்மென்டட் (× × 0 3 3 2) என்பது அடுத்த ஃபிரெட்டுக்கு நகர்த்திச் சுண்டு விரலை எடுத்துவிட்டது. இ ஆக்மென்டட் (0 3 2 1 1 0) என்பது சி ஆக்மென்டட்டோடு திறந்த 6ஆம் தந்தி. ஜி ஆக்மென்டட் (3 2 1 0 0 3) மட்டுமே கைக்குப் புதிதாகத் தோன்றும். மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் மூன்றும் தடித்த தந்திகளில் படிக்கட்டாக இறங்க, சுண்டு விரல் 1ஆம் தந்திக்குப் போகும்.

புதியவர்கள் அதிகம் விழும் குழி இங்கேதான். உயர்த்தப்பட்ட ஐந்தாம் சுரத்தோடு, உயர்த்தப்படாத பழைய ஐந்தாம் சுரமும் ஏதோ ஒரு தந்தியில் ஒலித்துக்கொண்டிருக்கும். ஏ ஆக்மென்டட்டில் திறந்த 6ஆம் தந்தி தெரியாமல் ஒலித்தால் இயும் எஃப்பும் மோதும். டி ஆக்மென்டட்டில் திறந்த 5ஆம் தந்தி அதே வேலையைச் செய்யும். இ மேஜரிலிருந்து வருபவர்கள் 5ஆம் தந்தியில் 2ஆம் ஃபிரெட்டில் உள்ள விரலை 3க்கு நகர்த்த மறந்தால் பியும் சியும் சண்டையிடும். ஜி மேஜரை 3 2 0 0 3 3 என்று பிடிக்கும் பழக்கமுள்ளவர்கள் 2ஆம் தந்தியைத் திறந்துவிட வேண்டும். கார்டு கரகரவென்று கேட்டால் முதலில் இதைத் தேடுங்கள்.

6. கார்டு எங்கே போகிறது என்பதைப் பழகுங்கள்

பிடியைக் கற்றவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான் கற்ற கார்டு பயன்படாமலே போகிறது. ஆக்மென்டட் கார்டு தனியே நிற்பதற்கானது அன்று. உயர்த்தப்பட்ட அந்த ஐந்தாம் சுரம் இன்னொரு ஃபிரெட் மேலே ஏறி எங்காவது அமரத் துடிக்கும். அந்த ஏற்றத்தை ஒரே தந்தியில் கண்ணால் பார்க்க முடிவது கிதாரின் வசதி.

சி, சி ஆக்மென்டட், எஃப் என்று வாசியுங்கள். 3ஆம் தந்தியை மட்டும் கவனித்தால் அது 0, 1, 2 என்று ஏறுகிறது. ஜி, ஜி ஆக்மென்டட், சி என்று வாசித்தால் 4ஆம் தந்தி 0, 1, 2 என்று ஏறுகிறது. ஏ, ஏ ஆக்மென்டட், டி என்றால் 1ஆம் தந்தி அதே 0, 1, 2. இ, இ ஆக்மென்டட், ஏ என்றால் 2ஆம் தந்தி. டி, டி ஆக்மென்டட், ஜி என்பதற்கு மட்டும் 3ஆம் தந்தி 2, 3, 4 என்று ஏற வேண்டும். ஆகவே கடைசி ஜியைத் திறந்த பிடியில் பிடிக்காமல் × × 5 4 3 3 என்று பிடியுங்கள், அந்தக் கோடு அறுபடாமல் கேட்கும்.

மெட்ரோனோமை 60இல் வைத்து ஒவ்வொரு கார்டுக்கும் நான்கு தட்டு கொடுங்கள். மீட்டும் கையில் வேகம் காட்ட வேண்டாம். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கீழ் வீச்சு போதும். மாற்றம் சீராக வந்தபின் நடுக்கார்டுக்கு இரண்டு தட்டு மட்டும் கொடுத்துப் பாருங்கள், பாட்டுகளில் அது பெரும்பாலும் அவ்வளவு குறுகிய நேரம்தான் வரும்.

சி மேஜரில் தொடங்கும் ஒரு நீண்ட வரிசையை மட்டும் தனியாகப் பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் இதில் ஒரே ஒரு தந்தி நகர, மற்றவை அசையாமல் நிற்கும்:

× 3 2 0 1 0 (சி)
× 3 2 1 1 0 (சி ஆக்மென்டட்)
× 3 2 2 1 0 (சி சிக்ஸ்த்)
× 3 2 3 1 0 (சி செவந்த்)

மூன்றாவதிலும் நான்காவதிலும் 3ஆம் தந்தியைச் சுண்டு விரல் பார்த்துக்கொள்ளும். நான்காவதிலிருந்து எஃப்புக்குப் போனால் முழு வாக்கியம் முடிந்ததுபோல் ஒலிக்கும். ஒரு பாட்டில் சி மேஜர் இரண்டு வரிக்கு அசையாமல் நிற்கிறது என்றால் அந்த இடத்தில் இந்த வரிசையைப் போட்டுப் பாருங்கள்.

இதற்கு மேலும் ஒரு சங்கதி இருக்கிறது. சி, இ, ஜி ஷார்ப் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை மட்டும் ஒரு ஃபிரெட் இறக்கினால் ஒரு மேஜர் கார்டு கிடைக்கும். ஏற்றினால் ஒரு மைனர் கார்டு கிடைக்கும். ஜி ஷார்ப்பை இறக்கினால் சி மேஜர், சியை இறக்கினால் இ மேஜர், இயை இறக்கினால் ஏ ஃபிளாட் மேஜர். ஜி ஷார்ப்பை ஏற்றினால் ஏ மைனர், சியை ஏற்றினால் சி ஷார்ப் மைனர், இயை ஏற்றினால் எஃப் மைனர். ஒரே பிடியிலிருந்து ஆறு கார்டுகளுக்கு ஒரு விரல் அசைவில் போக முடிகிறது என்பதால்தான் ஒரு ஸ்கேலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ விரும்புகிறவர்கள் இக்கார்டை நாடுகிறார்கள். தொடக்கத்திலேயே ஆறையும் பழக முயல வேண்டாம். சி ஆக்மென்டட்டிலிருந்து எஃப்புக்கும் ஏ மைனருக்கும் போவது முதலில் கையில் படியட்டும்.

7. பாட்டுத் தாளில் குறியைச் சரியாகப் படித்தல்

சி+, சி ஆக், சி(#5) ஆகிய மூன்றும் ஒன்றே. சி+7, சி7#5, சி7+5 என்றால் இதே கார்டோடு பி ஃபிளாட்டும் சேரும். அவசரத்துக்கு அதை விட்டுவிட்டுச் சாதாரண ஆக்மென்டட்டை வாசித்தாலும் பெரும்பாலும் ஒப்பேறிவிடும். ஆட்9 என்பது இதற்குச் சம்பந்தமில்லாதது. ஆக், ஆட் என்ற இரண்டும் சிறிய எழுத்தில் அச்சாகும்போது கண் ஏமாறுவது சகஜம்.

செயலிகள் தாமாகவே கண்டுபிடித்து எழுதும் கார்டுகளில் இன்னொரு தொல்லை உண்டு. மூன்று பெயர்களில் எதை எழுதுவது என்று செயலிக்குத் தெரியாததால், சி+ இருக்க வேண்டிய இடத்தில் இ+ என்றோ ஜி#+ என்றோ எழுதிவிடும். மெல்லிய தந்திகளில் மட்டும் வாசிப்பவருக்கு இதனால் பாதகமில்லை. கீழ்ச்சுரத்தையும் சேர்த்து வாசிப்பவர் அடுத்த கார்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்: அடுத்து எஃப் வந்தால் அது அநேகமாகச் சி+, அடுத்து ஏ வந்தால் இ+.

× 0 2 1 1 0 என்ற பிடியையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய நான்கு தந்திகளில் இருப்பது சி ஆக்மென்டட்தான், ஆனால் கீழே ஏ ஒலிப்பதால் அதன் பெயர் ஏ மைனர் மேஜர் செவந்த் என்றாகிவிடும். ஏ மைனரிலிருந்து 3ஆம் தந்தி 2, 1, 0 என்று இறங்கும் பாட்டுகளில் நடுவில் வருவது இது.

8. எவ்வளவு காலம் ஆகும்

திறந்த கார்டுகளுக்கிடையே தயக்கமின்றி மாறத் தெரிந்தவருக்கு, ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் என்ற கணக்கில் ஒரு மாதம் போதுமானது. முதல் வாரம் சி ஆக்மென்டட் பிடியும் பாடிப் பார்ப்பதும். இரண்டாம் வாரம் நகரும் பிடி. தினமும் நான்கு தொகுதிகளின் பெயர்களையும் வாய்விட்டுச் சொல்லியபடி நகர்த்த வேண்டும். மீதி இரண்டு வாரங்களையும் 6ஆம் படிக்கே கொடுத்துவிடுங்கள். பேரே கார்டு (ஒரே விரலைப் படுக்கவைத்துப் பல தந்திகளை அழுத்தும் பிடி) இன்னும் வராதவர்கள் எஃப்பை × × 3 2 1 1 என்று பிடித்துத் தொடரலாம். அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

எலெக்ட்ரிக் கிதாரில் பழகுபவர்கள் டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்கும் அமைப்பை) அணைத்துவிட்டுப் பழகுங்கள். அதிக டிஸ்டார்ஷனில் இக்கார்டின் மூன்று சுரங்களும் கலங்கிப்போய், சரியும் தவறும் ஒரே மாதிரி கேட்கும்.

9. பாட்டில் சேர்க்கும்போது

தாளில் குறிக்கப்படாத இடத்தில் நீங்களாக இக்கார்டைச் சேர்க்க விரும்பினால், பாடுபவரின் மெட்டை முதலில் பாருங்கள். சி மேஜரின்மேல் பாடுபவர் ஜியில் நீளமாக நிற்கிறார் என்றால், நீங்கள் அந்த நேரத்தில் ஜி ஷார்ப்பை மீட்டுவது அவர் சுருதி விலகிவிட்டார் என்ற எண்ணத்தைக் கேட்பவர்களுக்குத் தரும், பழி அவர்மேல் விழும். மெட்டு சியிலோ இயிலோ நிற்கும் இடமாகவோ, பாடுபவர் மூச்செடுக்கும் இடமாகவோ பார்த்து, அடுத்த கார்டுக்கு முந்தைய இரண்டு தட்டுகளில் மட்டும் சேருங்கள். ஒரு பாட்டில் ஓரிடம், அதிகம் போனால் ஈரிடம். அதற்கு மேல் போனால் திருப்பம் என்பதே இல்லாமல் போய், கேட்பவருக்கு எதிர்பார்ப்பு மரத்துவிடும்.

குழுவாக வாசிக்கிறீர்கள் என்றால் பேஸ் வாசிப்பவரிடமும் கீபோர்டு வாசிப்பவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் ஜி ஷார்ப்பை மீட்டும் அதே தட்டில் அவர்களில் ஒருவர் ஜியை அழுத்தினால், 5ஆம் படியில் சொன்ன மோதல் மேடையில் நடக்கும். அவர்களுடைய தாளிலும் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கூட்டல் குறியைப் போட்டுக்கொடுப்பது வாய்மொழியாகச் சொல்வதைவிடப் பத்திரமானது.